அலெக்சாண்டரைத் தெரிந்துகொள்ள யாரிடம் போவது: அர்ரியனா, புளூட்டார்க்கா, டயோடோரஸா?

அலெக்சாண்டரோடு கூடவே போய், கண்ணால் பார்த்து எழுதியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அரிஸ்டாட்டிலின் உறவினர் காலிஸ்தெனீஸ், தளபதியாக இருந்து பிறகு எகிப்துக்கே அரசரான தாலமி, படையோடு போன அரிஸ்டோபுலஸ், கடற்படையை நடத்திய நியார்க்கஸ், அரசரைப் பார்க்க வருபவர்களை உள்ளே அனுப்பும் அதிகாரியாக இருந்த சாரெஸ் என்று ஒரு பட்டியலே உண்டு. இவர்களில் ஒருவர் எழுதியதும் முழுதாக நம் கைக்கு வந்து சேரவில்லை. கி.மு. 323-இல் பாபிலோனில் அலெக்சாண்டர் இறந்து சில நூற்றாண்டுகள் ஆன பிறகு, அந்த நூல்களைப் படித்துவிட்டுத் தொடர்ச்சியாக எழுதிய மூன்று கிரேக்கர்கள்தான் இன்று நமக்கு இருக்கிறார்கள். சிசிலித் தீவைச் சேர்ந்த டயோடோரஸ், கைரோனியா ஊர்க்காரரான புளூட்டார்க், நிகோமீடியாவில் பிறந்த அர்ரியன். லத்தீனில் எழுதிய குர்டியஸும் நல்ல கதைசொல்லிதான். ஆனால் இங்கே பேச்சு கிரேக்கர்களைப் பற்றி மட்டும்.

மூவரில் யாரை முதலில் எடுப்பது? நான் எடுத்தது அர்ரியனை. மற்ற இருவரையும் அப்புறம் படித்தேன். படிக்கப் படிக்க அந்தத் தேர்வு சரி என்றே தோன்றியது. மூவரையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தவன் நான். அதனால் கிரேக்க நடையின் அழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நான் பார்த்தது வேறு ஒன்று: ஒரு செய்தியைச் சொல்லும்போது, அது யார் சொன்னது என்பதை எழுத்தாளர் நம்மிடம் சொல்கிறாரா?

எளிதாக முடிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். காலத்தால் நெருக்கமானவர் டயோடோரஸ். கி.மு. முதல் நூற்றாண்டுக்காரர். மற்ற இருவரும் அலெக்சாண்டருக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவர்கள். ஆனால் மூவருமே பிறர் எழுதியதைப் படித்து எழுதியவர்கள் என்பதால் இந்த நெருக்கத்துக்கு நான் அதிக மதிப்புத் தர மாட்டேன். அளவில் சிறியது புளூட்டார்க். ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். அர்ரியன் ஏழு புத்தகங்கள், நிதானமாகப் படிக்க வேண்டியவை. டயோடோரஸ் எழுதிய உலக வரலாறு நாற்பது புத்தகங்கள். முழுதாக மிஞ்சியவை பதினைந்து. அலெக்சாண்டர் வருவது அதில் 17-ஆவது.

டயோடோரஸின் பலம் காட்சி. கி.மு. 332-இல், இன்றைய லெபனான் கரையில் இருக்கும் டயர் நகரத்தை அலெக்சாண்டர் ஏழு மாதம் முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவர்கள் வெண்கல, இரும்புக் கேடயங்களில் மணலைக் கொட்டி, தீயில் பழுக்கக் காய்ச்சி, மதில் ஏற வந்தவர்கள் மேல் கவிழ்த்தார்கள். அந்த மணல் மார்புக் கவசத்துக்கும் சட்டைக்கும் உள்ளே இறங்கித் தோலை வேகவைத்தது, உதறவும் வழியில்லாமல் வீரர்கள் துடித்தார்கள் என்று எழுதுகிறார். நகரம் விழுந்த பிறகு போர் செய்யும் வயதில் இருந்த ஆண்கள் இரண்டாயிரம் பேருக்குக் குறையாமல் சிலுவையில் அறையப்பட்டார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. அர்ரியனிடம் இது இல்லை. அங்கே கொல்லப்பட்டவர்கள் 8,000, அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் 30,000 என்று மட்டும் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே டயோடோரஸைத் தூக்கிப் போட முடியாது.

ஆனால் அவருடைய 17-ஆம் புத்தகத்தின் நடுவே ஒரு பெரிய பகுதி தொலைந்துவிட்டது. குடிபோதையில் அலெக்சாண்டர் தன் தளபதி கிளெய்டஸைக் கொன்றது, காலிஸ்தெனீஸின் முடிவு, மத்திய ஆசியாவின் சோக்டியானாவில் நடந்த கொடிய போர்கள் எல்லாம் அந்த ஓட்டையில் போய்விட்டன. அங்கே என்ன இருந்தது என்று பழைய பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அலெக்சாண்டர் எந்தக் கட்டத்தில் கெட்டுப்போனான் என்று கேட்பவருக்குத் தேவையான பக்கங்களே அவைதான். இன்னொரு குறை, எந்தச் செய்தியை யாரிடமிருந்து எடுத்தார் என்று அவர் அநேகமாகச் சொல்வதில்லை. அவருக்குப் பின்னால் இருப்பவர் கிளெய்டார்க்கஸ் என்ற எழுத்தாளர் என்பது அறிஞர்கள் குர்டியஸோடு ஒப்பிட்டு எடுத்த முடிவு.

அமேசான்கள் என்று கிரேக்கர்கள் சொன்ன போர்வீரப் பெண்களின் ராணி கதையை வைத்து மூவரையும் உரசிப் பார்க்கலாம். டயோடோரஸில் தலெஸ்திரிஸ் என்ற ராணி முன்னூறு பெண்களோடு வருகிறாள், அலெக்சாண்டரிடம் பிள்ளை வேண்டும் என்கிறாள், 13 நாள் தங்குகிறாள், பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். நடந்த சம்பவம் போலவே சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். புளூட்டார்க் இரண்டு பட்டியல் போடுகிறார். நடந்தது என்றவர்கள் ஒரு பக்கம், கட்டுக்கதை என்றவர்கள் இன்னொரு பக்கம். கூடவே ஒரு சம்பவமும் தருகிறார். அலெக்சாண்டரோடு போன இன்னொரு எழுத்தாளரான ஒனெசிக்ரிடஸ் தன் நூலில் இந்தக் கதை வரும் இடத்தை, அப்போது அரசனாகிவிட்ட லிசிமாக்கஸுக்குப் படித்துக் காட்டினாராம். அலெக்சாண்டரின் மெய்க்காவலனாக இருந்த லிசிமாக்கஸ் சிரித்துக்கொண்டே, "அப்போது நான் எங்கே இருந்தேன்?" என்று கேட்டானாம். அர்ரியனோ, பின்னாளில் இன்றைய ஈரானின் மீடியா பகுதியில் நடந்ததாக வரும் வேறொரு அமேசான் கதையை எடுத்துக்கொண்டு, தாலமியோ அரிஸ்டோபுலஸோ நம்பத்தகுந்த வேறு யாருமோ இதைச் சொல்லவில்லை என்று பெயர் சொல்லி மறுக்கிறார்.

இதில் அழகு என்று பார்த்தால் புளூட்டார்க்குக்குத்தான் முதலிடம். அவர் டெல்ஃபி கோவிலில் பூசாரியாக இருந்தவர். வரலாறு எழுத வரவில்லை, வாழ்க்கைகளை எழுத வந்திருக்கிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆயிரக்கணக்கானோர் மடிந்த போரைவிட ஒரு சின்னப் பேச்சு, ஒரு கேலி, ஒருவனுடைய குணத்தை நன்றாகக் காட்டும் என்பது அவர் நம்பிக்கை. கிளெய்டஸ் கொல்லப்படும் இரவைப் படித்தால் அது எவ்வளவு உண்மை என்று புரியும். தோற்றுப்போன மாசிடோனியத் தளபதிகளைக் கேலி செய்து ஒருவன் பாட, மூத்தவர்கள் முகம் சுளிக்க, கிளெய்டஸ் வாயைத் திறக்கிறான். அலெக்சாண்டர் பக்கத்தில் கிடந்த ஆப்பிளை எடுத்து அவன்மேல் எறிகிறான். இடுப்பு வாளைத் தேடுகிறான். ஒரு காவலன் அதை முன்னாடியே எடுத்து ஒளித்துவிட்டான். எக்காளம் ஊது என்று கத்துகிறான். ஊதத் தயங்கியவனை முஷ்டியால் குத்துகிறான். வெளியே தள்ளப்பட்ட கிளெய்டஸ் இன்னொரு கதவு வழியாக, யூரிபிடீஸின் நாடக வரி ஒன்றைச் சொல்லிக்கொண்டே திரும்பி வருகிறான். ஒரு காவலன் கையிலிருந்த ஈட்டியைப் பிடுங்கி அலெக்சாண்டர் அவன் உடம்பில் பாய்ச்சுகிறான். இப்படி ஒரு பக்கம் மற்ற இருவரிடமும் கிடையாது.

புளூட்டார்க்கின் ஊரான கைரோனியாவில்தான் கி.மு. 338-இல் பதினெட்டு வயது அலெக்சாண்டர் போரிட்டான். அலெக்சாண்டரின் ஓக் மரம் என்று ஒரு பழைய மரத்தை ஆற்றோரத்தில் தன் காலத்திலும் காட்டுவார்கள் என்று எழுதுகிறார். இந்திய வாசகருக்கும் அவரிடம் ஒரு நல்ல செய்தி உண்டு. இளைஞனாக இருந்த சந்திரகுப்தன் அலெக்சாண்டரை நேரில் பார்த்தானாம். மகத அரசனை அவன் குடிமக்களே வெறுத்தார்கள், அலெக்சாண்டர் கொஞ்சம் முயன்றிருந்தால் அந்த நாடும் கைக்கு வந்திருக்கும் என்று பிற்காலத்தில் அடிக்கடி சொன்னானாம்.

சரி, இவ்வளவு நல்லவரை ஏன் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்? அவரும் ஏராளமான பெயர்களைக் குறிப்பிடுகிறார். ஆனால் பொதுவாக எவரைப் பின்பற்றுகிறார், எப்போது ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போகிறார் என்பதற்கு ஒரு விதி தெரிவதில்லை. குணத்தைக் காட்டும் கதை எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்கிறார். அலெக்சாண்டரின் கடிதங்கள் என்று பலமுறை சான்று காட்டுகிறார். அவற்றில் எவ்வளவு அசல் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. போர்க்களமும் கால வரிசையும் அவருக்கு முக்கியமில்லை. அவர் கேட்டுக்கொண்டபடியே படித்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. அடித்தளமாக வைத்துக்கொள்ளத்தான் போதாது.

இப்போது அர்ரியன். ரோமப் பேரரசில் கான்சல் பதவி வரை போனவர். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், இன்றைய துருக்கியில் இருக்கும் கப்படோசியா மாகாணத்தை ஆண்டு, அங்கே அலானியர்கள் என்ற நாடோடி இனத்துக்கு எதிராகப் படையை நிறுத்தியவர். இளமையில் தத்துவஞானி எபிக்டெட்டஸிடம் படித்து, அந்த ஆசிரியரின் பேச்சுகளை நமக்கு எழுதி வைத்தவரும் இவரே. தன் நூலின் முதல் பத்தியிலேயே விதியைச் சொல்லிவிடுகிறார். தாலமியும் அரிஸ்டோபுலஸும் ஒத்துப்போகும் இடத்தில் அதை உண்மை என்று எழுதுவேன்; வேறுபடும் இடத்தில் எது நம்பும்படி இருக்கிறதோ அதை எடுப்பேன்; மற்றவர்கள் சொன்னதில் சொல்லத்தக்கவை இருந்தால், சொல்லப்படுவது என்ற குறிப்போடு மட்டும் தருவேன். இருவரும் அலெக்சாண்டர் இறந்த பிறகு எழுதியவர்கள், அதனால் பயமோ கூலியோ இல்லை. அதோடு தாலமி ஓர் அரசர், பொய் சொன்னால் மற்றவரைவிட அவருக்கு அதிக அவமானம் என்றும் காரணம் சொல்கிறார்.

கடைசிக் காரணம் வலுவானதல்ல. அரசர்களுக்குத்தான் மறைக்க அதிகம் இருக்கும். ஆனால் அர்ரியன் தன் சாட்சி யார் என்று பெயர் சொன்னதால்தான் நம்மால் இப்படி எதிர்க் கேள்வியே கேட்க முடிகிறது. நான் அவரைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான். அவர் சொல்வதெல்லாம் சரி என்பதற்காக அல்ல.

கிரேக்க நாட்டின் தீப்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 335-இல் அது அழிக்கப்பட்டது. பெர்டிக்காஸ் என்ற தளபதி, உத்தரவுக்குக் காத்திராமல் தானே பாய்ந்து தாக்குதலைத் தொடங்கிவிட்டான் என்று தாலமி எழுதியதாக அர்ரியன் சொல்கிறார். டயோடோரஸிலோ பெர்டிக்காஸை அனுப்புவதே அலெக்சாண்டர்தான். அலெக்சாண்டர் இறந்த சில ஆண்டுகளில் இதே பெர்டிக்காஸ் எகிப்தின் மேல் படையெடுத்து வந்தான். யாருக்கு எதிராக? தாலமிக்கு எதிராக. "தாலமி சொல்கிறார்" என்ற இரண்டு சொல்லை அர்ரியன் விட்டிருந்தால், பெர்டிக்காஸின் அவசரத்தை நாம் அப்படியே நம்பியிருப்போம். சொன்னதால், எதிரியைப் பற்றி எதிரி சொல்கிறான் என்று பார்த்து எடை போட முடிகிறது.

அரிஸ்டோபுலஸின் குணமும் இப்படித்தான் வெளியே வருகிறது. கிளெய்டஸ் கொலையில் தப்பு முழுக்க கிளெய்டஸ் மேல்தான், தாலமி அவனைக் கோட்டைக்கு வெளியே கொண்டுபோய் விட்டும் திரும்பி வந்தான் என்பது அரிஸ்டோபுலஸ் சொன்னது. அலெக்சாண்டர் நீண்ட நேரம் குடித்தது மதுவுக்காக அல்ல, நண்பர்களோடு இருக்கத்தான் என்பதும் அவர் சொன்னதே. காலிஸ்தெனீஸ் எப்படி இறந்தார்? சங்கிலியோடு படையின் பின்னால் இழுத்துச் செல்லப்பட்டு நோயில் இறந்தார் என்கிறார் அரிஸ்டோபுலஸ். வதைத்துத் தூக்கிலிட்டார்கள் என்கிறார் தாலமி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். ராஜாவுக்குச் சாதகமாகப் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் அரிஸ்டோபுலஸ் நிற்கிறார். அவருடைய நூல் அழிந்து போயிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் எப்படிப்பட்ட சாட்சி என்று அர்ரியனைப் படித்தே கணிக்க முடிகிறது. காலிஸ்தெனீஸ் விஷயத்தில் அர்ரியனே வருத்தத்தோடு ஒரு வரி எழுதுகிறார்: அலெக்சாண்டரோடு அப்போது கூடவே இருந்த, மிக நம்பத்தகுந்த இருவர்கூட ஊரறிந்த ஒரு சம்பவத்தில் ஒத்துப்போகவில்லை.

எகிப்தில் சீவா பாலைவனப் பயணத்தில் இது இன்னும் வெளிப்படை. ஆமோன் கோவிலுக்குப் போகும் வழியில் படை திசை தெரியாமல் தவித்தபோது இரண்டு பாம்புகள் குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் போய் வழிகாட்டின என்கிறார் தாலமி. அரிஸ்டோபுலஸும் மற்ற பெரும்பாலோரும் இரண்டு காகங்கள் என்கிறார்கள். பொய் சொன்னால் அவமானம் என்று எந்த அரசரைப் பற்றி முன்னுரையில் எழுதினாரோ, அதே அரசர்தான் இங்கே பாம்புக் கதை சொல்கிறார். அர்ரியன் அதை மறைக்கவில்லை. ஏதோ ஒரு தெய்வ உதவி கிடைத்தது என்பது மட்டும் உறுதி, சரியாக என்ன நடந்தது என்பதை இவர்களின் முரண்பாடு கெடுத்துவிட்டது என்று எழுதிவிட்டு நகர்கிறார். தனக்குப் பிடித்த சாட்சி சறுக்கும் இடத்தையும் வாசகருக்குக் காட்டுவதற்குத் தனி நேர்மை வேண்டும்.

அதே தாலமியை அர்ரியன் உயர்த்திக் காட்டும் இடமும் உண்டு. பஞ்சாப் பகுதியில் மல்லோய் மக்களின் கோட்டைக்குள் அலெக்சாண்டர் தனியாகக் குதித்து மார்பில் அம்பு வாங்கியபோது, தாலமி கூடவே நின்று காப்பாற்றினார், அதனால்தான் அவருக்குக் காப்பவர் என்ற பட்டம் வந்தது என்று சிலர் எழுதினார்கள். ஆனால் தாலமியே, நான் அங்கே இல்லை, வேறொரு இடத்தில் போரிட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதி வைத்திருக்கிறார் என்கிறார் அர்ரியன். தனக்கு வந்த புகழைத் தானே மறுத்த சாட்சி! பெர்டிக்காஸ் விஷயத்தில் சந்தேகப்பட்ட அதே தாலமியை இங்கே நம்ப வேண்டியிருக்கிறது.

படை நடத்தியவரின் அறிவும் அர்ரியனிடம் வேலை செய்கிறது. கி.மு. 326-இல் ஜீலம் கரையில், ஆற்றைக் கடந்த அலெக்சாண்டரைத் தடுக்க போரஸ் தன் மகனை அனுப்பினான். 60 தேர்கள் என்கிறார் அரிஸ்டோபுலஸ். 2,000 குதிரை வீரர்களும் 120 தேர்களும் என்கிறார் தாலமி. அர்ரியன் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். உளவு பார்த்துவிட்டுத் திரும்ப 60 தேர் அதிகம், வேகமாகத் திரும்ப முடியாது. இறங்கியவர்களை அடித்து விரட்ட 60 தேர் போதவே போதாது. எனவே தாலமி சொல்வதே பொருந்துகிறது. ஒரு தளபதியின் யோசனை இது. டயோடோரஸிடமோ புளூட்டார்க்கிடமோ இந்த வகைத் தர்க்கத்தை நான் பார்க்கவில்லை.

தண்ணீர்க் கதையையும் பாருங்கள். தாகத்தில் படை வாடும்போது ஒருவன் தலைக்கவசத்தில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவர, அலெக்சாண்டர் குடிக்க மறுக்கிறான். புளூட்டார்க்கில் இது பாரசீக அரசன் டேரியஸைத் துரத்தும்போது நடக்கிறது; தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அர்ரியனில் கெட்ரோசியாவில், இன்றைய பலுசிஸ்தான் பாலையில். எல்லோரும் பார்க்கத் தரையில் கொட்டிவிடுகிறான். ஆனால் அர்ரியன் மட்டும்தான், இதைச் சிலர் வேறு இடத்தில், பரோபமிசஸ் (இன்றைய இந்துகுஷ்) மலைப்பகுதியில் நடந்ததாகச் சொல்கிறார்கள் என்று குறிப்பு வைக்கிறார். இடம் விட்டு இடம் மாறித் திரியும் கதை இது என்று அவரைப் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்தியாவைப் பற்றித் தனியாக அவர் எழுதிய சிறு நூலில் நமக்கு இன்னொரு ஆர்வமான இடம் உண்டு. ஹெராக்ளீஸ் தன் மகள் பண்டையாவுக்கு ஒரு நாட்டைக் கொடுத்தார், அந்த நாட்டுக்கு அவள் பெயரே வந்தது என்கிறது அது. பாண்டிய நாட்டோடு இதைப் பலரும் இணைத்துப் பேசுவார்கள். அதையும் மெகஸ்தனிஸ் பெயரைப் போட்டு, அந்தக் கதையில் வரும் வயதுக் கணக்குகளை நம்பாமல்தான் அர்ரியன் தருகிறார்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பக்கத்திலும் அவர் சாட்சியின் பெயரைச் சொல்வதில்லை. இருவரும் முரண்படும் இடத்தில்தான் பெயர் அதிகம் வரும். அவருடைய சாட்சிகள் அரசனின் கூடாரத்துக்குள் இருந்தவர்கள் என்பதால், அடிபட்டவர்களின் பக்கம் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸின் அரண்மனை எரிந்ததை விருந்தின் நடுவே தாயிஸ் என்ற பெண் தூண்டிவிட்டாள் என்று டயோடோரஸும் புளூட்டார்க்கும் சொல்கிறார்கள். அர்ரியனில் தாயிஸ் பெயரே இல்லை. பாரசீகர்கள் ஏதென்ஸை எரித்ததற்குப் பழி என்று வருகிறது, அந்தச் செயல் அறிவுள்ளதாக எனக்குத் தோன்றவில்லை என்று தன் கருத்தையும் சேர்க்கிறார். தாயிஸ் பிற்பாடு தாலமியோடு வாழ்ந்தவள் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த மௌனத்துக்குக் காரணம் தேடத் தோன்றுகிறது. அது தாலமியின் மௌனம்தான் என்று நிரூபிக்க நம்மிடம் வழி இல்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது மசாகா. சுவாத் பள்ளத்தாக்குப் பகுதியில் இருந்த அந்த நகரத்தைக் காத்த கூலிப்படையினர் உடன்படிக்கை செய்துகொண்டு வெளியே வந்தார்கள். அர்ரியன் சொல்வது: தங்கள் நாட்டவருக்கு எதிராக ஆயுதம் எடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாக ஓடத் திட்டமிட்டார்கள், அதனால் அலெக்சாண்டர் குன்றைச் சூழ்ந்து வெட்டினான். டயோடோரஸ் சொல்வது: எந்தச் சந்தேகமும் இல்லாமல் கூடாரம் போட்டிருந்தவர்கள் மேல் பாய்ந்தான், சத்தியம் மீறினாய் என்று அவர்கள் கத்தினார்கள், விழுந்தவர்களின் ஆயுதங்களைப் பெண்கள் எடுத்துப் போரிட்டார்கள். புளூட்டார்க் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: அலெக்சாண்டரின் போர்ப் புகழில் ஒட்டிய கறை இது. இந்த இடத்தில் அர்ரியனை நம்பி நிற்க என்னால் முடியவில்லை.

அதனால் அர்ரியனை எடுப்பவர்கள் நான்காம் புத்தகத்தில் மசாகா வந்ததும் சற்று நிறுத்தி, டயோடோரஸின் 17-ஆம் புத்தகத்தில் 84-ஆம் அத்தியாயத்தையும் புளூட்டார்க்கின் 59-ஆம் அத்தியாயத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மூன்றும் சேர்ந்தே சில பக்கங்கள்தான். கிளெய்டஸ் இரவுக்கு முதலில் புளூட்டார்க், பிறகு அர்ரியன். டயர் முற்றுகைக்கு அர்ரியனும் டயோடோரஸும். ஏழாம் புத்தகத்தில் பாபிலோன் மரணத்தோடு அர்ரியன் முடிந்ததும் நேராக டயோடோரஸின் 18-ஆம் புத்தகத்துக்குப் போய்விடலாம். 64 கோவேறு கழுதைகள் இழுத்த சவ வண்டியை அங்குலம் அங்குலமாக அவர் வருணித்திருக்கிறார். தளபதிகள் நாட்டைப் பங்குபோட்டுக்கொண்டு அடித்துக்கொண்ட கதைக்கு முழுதாகக் கிடைக்கும் தொடர்ச்சியான நூல் அவருடையது மட்டுமே.